நூலக மதிப்பீடு: எண்ணிக்கை இருக்கட்டும், தேடியது கிடைத்ததா?

சென்னையில் நூலக அறிவியல் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் ஒரு தலைப்பு சலிக்காமல் வந்துகொண்டே இருக்கும்: 'இன்ன கல்லூரி நூலகப் பயனாளர்களின் திருப்தி, ஓர் ஆய்வு.' கல்லூரியின் பெயர் மாறும், ஆண்டு மாறும், முடிவு மட்டும் மாறாது. பெரும்பாலான வாசகர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். இணைய வேகத்தைக் கூட்ட வேண்டும். ஏசி போட்டால் நல்லது. இதைப் படித்து முடித்த நூலகர் மறுநாள் காலையில் ஒரு வேலையையாவது வேறு மாதிரி செய்ய முடியுமா? முடியாது. அப்புறம் எதற்கு அத்தனை பக்கம், அத்தனை அட்டவணை?

நூலகச் சேவையை மதிப்பிடக் கிளம்புபவர்கள் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒருவர் ஒரு தேவையோடு வந்தார், அது நிறைவேறியதா? நிறைவேறவில்லை என்றால் எந்த இடத்தில் அறுந்தது? இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்கிறது. அந்த விதியை மேற்கோள் காட்டாத ஆய்வேடு குறைவு. வாசகரின் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்த ஆய்வேடு அதைவிடக் குறைவு.

இருப்பைக் காட்டிச் சேவை என்பது

எத்தனை ஆயிரம் நூல், எத்தனை மின்னிதழ், எத்தனை கணினி. ஆண்டறிக்கையின் முதல் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஆர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்: நூலகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதனால் என்ன நன்மை விளைகிறது என்பது வேறு கேள்வி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1970-களில் நடந்த ஆய்வொன்று, புதிதாக வாங்கிய நூல்களில் சுமார் 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று கண்டது. அதைக் கேட்டு அங்கே பேராசிரியர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரவல் போகவில்லை என்பதற்கும் யாரும் புரட்டவில்லை என்பதற்கும் நடுவில், மேஜையிலேயே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போன அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சறுக்கல், எல்லா நூலகத்துக்கும் ஒரே அளவுகோலை நீட்டுவது. 1896-ல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. இன்று யாரும் கேட்காத புத்தகத்தையும் காப்பாற்றி வைப்பது அதன் கடமை. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஓர் ஆய்வாளர் நாள் முழுக்க ஒரே ஒரு பழைய இதழ்த் தொகுதியைப் பார்த்துவிட்டுப் போவார். அது வெற்றிகரமான நாள். அதே கணக்கை மேற்கு மாம்பலத்திலோ வியாசர்பாடியிலோ இருக்கும் கிளை நூலகத்துக்குப் போட முடியாது. அங்கே ஐந்து வருடமாக யாரும் தொடாத புத்தகம் என்பது பிள்ளைகள் கேட்கும் வேறொரு புத்தகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் புத்தகம். எது எதற்காக இருக்கும் நூலகம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுத்தான் அளவுகோலைத் தேட வேண்டும்.

வாசலில் எண்ணிய தலைகள்

அடுத்தது வருகைப் பதிவேடு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் திறந்த இந்த நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் காலையில் பையோடு வந்து அமர்ந்தால் மாலைவரை எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவை நாற்காலி, வெளிச்சம், அமைதி, குடிநீர், சுத்தமான கழிவறை, போன் சார்ஜ் போட ஒரு பிளக். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேரோடு தங்கியிருப்பவருக்கு இது பெரிய சேவை, குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் அவரையும், பழைய அரசிதழ் தேடி வந்தவரையும், பிரெயில் நூலுக்காக வந்தவரையும், குழந்தைகள் பிரிவுக்குப் பேத்தியை அழைத்து வந்த பாட்டியையும் ஒரே எண்ணிக்கையில் கலந்துவிட்டால் அந்த எண் எதையும் சொல்லாது. எதற்கு வந்தார் என்று வகை பிரிக்காத வருகைக் கணக்கை மதிப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே மேல்.

எந்த நாளில் எண்ணினீர்கள் என்பதும் முக்கியம். குரூப் தேர்வு அறிவிப்பு வந்த வாரமும் நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கிய வாரமும் ஒன்றல்ல. கல்லூரிகளில் இன்னொரு கூத்து நடக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் நுழைவுப் பதிவேட்டில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் கையெழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அதை எடுத்துச் சராசரி போட்டு வரைபடம் வேறு வரைகிறார்கள்.

உள்ளே வராதவரை யாரும் எண்ணுவதே இல்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியில் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலாகிறது. ஆக, தெருமுனை நூலகத்துக்குள் கால் வைக்காதவரும் காசு கட்டியவர்தான். அவர் ஏன் வரவில்லை என்பதை நூலகத்துக்குள் உட்கார்ந்து கேட்டு அறிய முடியாது. பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடை வாசலிலும் போய்க் கேட்டால்தான் தெரியும். 'நான் வேலை முடிந்து வரும்போது பூட்டியிருக்கிறது' என்ற ஒரு பதில் உள்ளே எடுத்த சர்வேயில் எந்த நாளும் வராது, ஏனென்றால் அதைச் சொல்லக்கூடியவர் உள்ளே இல்லை.

'திருப்தியா?' என்று கேட்பது

கவுன்டரில் நூலகர் நிற்க, அவர் கண் முன்னாலேயே படிவத்தை நிரப்பச் சொன்னால் மாணவர் என்ன டிக் அடிப்பார்? நோ டியூ சான்றிதழ் வாங்க இதே கவுன்டருக்குத்தான் அவர் வர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பினால் பயம் குறையும். ஆனால் அதை நிரப்புவது ஏற்கெனவே நூலகத்தை விரும்புகிறவர்களும், ஏதோ அபராதத்தில் கோபமாக இருப்பவர்களும்தான். நடுவில் இருப்பவர் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுவார்.

இதைவிட ஆழமான சிக்கல், திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. 'நம்ம ஊர் லைப்ரரிக்கு இது போதும்' என்று நினைப்பவர் ஐந்துக்கு நான்கு போட்டுவிடுவார். இதற்காகத்தான் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் உருவான லிப்குவால் முறை ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று மதிப்பெண் கேட்கிறது: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நன்றாக இருக்கும், இப்போது எவ்வளவு கிடைக்கிறது. கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே இருந்தால் அங்கேதான் தீ எரிகிறது என்று அர்த்தம். மொத்தம் 22 கேள்விகள். பணியாளர் அணுகுமுறை, தகவலை எட்டும் வழி, நூலகம் என்ற இடம் என மூன்று கோணங்கள். நல்ல கருவி. ஆனால் அதை வரிக்கு வரி மொழிபெயர்த்து, தமிழ்வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவர் கையில் கொடுத்து, 66 கட்டங்களை நிரப்பச் சொன்னால் பத்தாவது வரியிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏழு போட்டுவிடுவார். கேள்வியைக் குறையுங்கள், பேச்சுத் தமிழில் எழுதுங்கள், கடைசியாக வந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

நூலகரிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்ததா என்பதைத் திருப்தி காட்டவே காட்டாது. ஹெர்னன், மெக்ளூர் என்ற அமெரிக்க நூலகவியல் ஆய்வாளர்கள் 1986-ல் எழுதிய கட்டுரை, வாசகர் போல ஆளனுப்பிக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளை வைத்து, சரியான பதில் கிடைப்பது சுமார் 55 விழுக்காடுதான் என்றது. தவறான பதிலை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனவரும் திருப்தியான வாசகர்தான்.

ரேக்கில் இல்லாத புத்தகம்

எனக்குப் பிடித்த முறை பால் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-ல் எழுதியது. செலவே இல்லை. வருபவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு: இன்று என்ன தேடி வந்தீர்கள், கிடைத்ததா? கிடைக்கவில்லை என்று எழுதிய ஒவ்வொரு சீட்டையும் அன்றே, ஆமாம் அன்றே, ஊழியர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்த் துப்பறிய வேண்டும். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். நூலகம் அந்த நூலை வாங்கவே இல்லை. வாங்கியிருக்கிறது, இரவலில் போயிருக்கிறது. உள்ளேதான் இருக்கிறது, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது. சரியான இடத்தில் இருக்கிறது, வாசகருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கேட்கப்படும் நூல்களில் 80 விழுக்காடு வாங்கப்பட்டவை, அவற்றில் 90 விழுக்காடு இரவலில் போகாதவை, அவற்றில் 85 விழுக்காடு உரிய இடத்தில் இருப்பவை, அவற்றில் 90 விழுக்காட்டை வாசகர் கண்டுபிடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மார்தட்டிக்கொள்ளக்கூடிய எண். பெருக்கினால் 55. நூறு பேர் வந்தால் 45 பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இந்த முறையின் அழகு, அறுந்த இடம் தெரிந்தால் செலவும் தெரிந்துவிடுவதுதான். கணினிப் பட்டியலில் 'இருப்பில் உள்ளது' என்று காட்டும் புள்ளியியல் பாடநூல் ரேக்கில் இல்லை. தேடிப் போனால் வாசிப்பு மேஜையில் செய்தித்தாள் குவியலுக்கு அடியில் கிடக்கும், அல்லது இரண்டு ரேக் தள்ளி எண் மாறிச் செருகியிருக்கும், அல்லது பைண்டிங்குக்குப் போய் மாதக்கணக்காகியும் பட்டியலில் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். சில சமயம் வேண்டுமென்றே ஒளித்தும் வைத்திருப்பார்கள். தேர்வு நேரத்தில் சட்டப் புத்தகங்கள் சமையல் பகுதியில் முளைப்பது அப்படித்தான். இதற்குப் புதிதாகப் பத்துப் படி வாங்குவது வீண் செலவு. மாலையில் அரை மணி நேரம் ரேக்கைச் சரிபார்க்க ஆள் போட்டால் போதும். திருப்தி சர்வே இதைச் சொல்லவே சொல்லாது. 'நூல்கள் போதவில்லை' என்று மட்டும் சொல்லும்.

திரைக்குள் தொலைவது

டிஜிட்டல் சேவை என்றதும் 'ஹிட்ஸ்' எண்ணைக் காட்டுவார்கள். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து போனதும் அதில் சேர்த்தி. பதிப்பாளர்கள் தரும் கணக்கு ஓரளவு மேல், மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணுவதற்கான கவுன்டர் (COUNTER) என்ற பொது விதிமுறைப்படி வருவதால். ஒரே சுட்டியை 30 நொடிக்குள் இரண்டு முறை அழுத்தினால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பதுவரை அதில் விதி உண்டு. ஆனால் அந்த அறிக்கையில் பலரும் திறந்தே பார்க்காத பகுதி ஒன்று இருக்கிறது: அனுமதி மறுக்கப்பட்டவை. சந்தா இல்லாததால் எந்த இதழின் வாசலில் உங்கள் மாணவர்கள் முட்டி நின்றார்கள் என்ற பட்டியல் அது. அடுத்த ஆண்டு எதை வாங்குவது என்று கமிட்டி கூட்டிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பார்க்கலாம். 2025 ஜனவரியில், மத்திய அரசே சந்தா கட்டி இதழ்களைத் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்த பிறகு அரசுக் கல்வி நிறுவனங்களில் இதழ்ப் பயன்பாடு கூடினால், அந்தப் பெருமையை நூலகம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தமிழ் மின்னூலகங்களை மதிப்பிடுபவர்கள் தேடல் பெட்டியைச் சோதிக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. 'ஔவை' என்று தேடுங்கள். பிறகு 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளவை' என்று தேடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. அப்புறம் 'அவ்வை'. மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு வந்தால், உள்ளே நூல் இருந்தும் வாசகருக்கு இல்லை என்று பொருள். உ.வே.சா.வை எடுத்துக்கொண்டால் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், முதலெழுத்து முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒகரக் குறி கதையும் இப்படித்தான். 'ொ' ஒரே குறியாகவும் பதிவாகலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதிவாகலாம். மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளவில்லை என்றால் தேடல் கைவிரிக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்புகளும், படமாக மட்டும் வருடிய பக்கங்களும் தேடலுக்குள் வருவதே இல்லை.

ஆகவே எத்தனை லட்சம் பக்கம் ஏற்றினோம் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, சர்வர் பதிவுகளில் 'முடிவு எதுவும் இல்லை' என்று வந்த தேடல்களை ஒரு மாதத்துக்கு எடுங்கள். ஒவ்வொன்றையும் பாருங்கள்: நூலே இல்லையா, இருந்தும் அகப்படவில்லையா? கேன்டரின் நான்கு காரணங்கள் இங்கும் அப்படியே பொருந்தும்.

கூடவே ஐந்தாறு பேரை உட்கார வைத்து, அவரவர் போனிலேயே ஒரு வேலை கொடுங்கள். கல்லூரிக்கு வெளியே இருந்து இந்தக் கட்டுரையை எடுங்கள், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இதுதான் கஷ்டம், நூலகருக்குக் கை துறுதுறுக்கும். கடவுச்சொல் மறந்து, மீட்டெடுக்கும் சுட்டி பழைய மின்னஞ்சலுக்குப் போய், உள்ளே நுழைந்தபின் பிடிஎஃப் பக்கவாட்டில் ஓடி, கடைசியில் கூகுளுக்குப் போய்விடுகிறார் என்றால் அறிக்கைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் செய்யும்போது யார் எதைப் படித்தார் என்ற பட்டியலைப் பெயரோடு எக்செல்லில் வைத்துக்கொண்டு துறைக்குத் துறை அனுப்பாதீர்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், மனநலம் பற்றியோ விவாகரத்து பற்றியோ ஒருவர் எடுத்த புத்தகம் அவருக்கும் நூலகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியது. உறுப்பினர் எண்ணை நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

முடிவுகளை முதல்வருக்கோ இயக்குநருக்கோ அனுப்புவதற்கு முன் சீட்டு எழுதிக் கொடுத்த வாசகர்களுக்குச் சொல்லுங்கள். கவுன்டர் அருகே ஒரு தாள் ஒட்டினால் போதும்: நீங்கள் கேட்டுக் கிடைக்காதவை இத்தனை, இன்ன காரணம், இவற்றைச் சரிசெய்தோம், இவற்றுக்குப் பணம் இல்லை. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அதே சீட்டை, ஓர் எழுத்தும் மாற்றாமல் நீட்டுங்கள். கேள்வியை மெருகேற்றக் கை வரும். மெருகேற்றினால் போன ஆண்டோடு ஒப்பிட முடியாது.