மதுரையிலிருந்து கோவைக்கு ஒரு ரேஸ் வார இறுதி: முதல்முறை போகும் ஜோடிகளுக்குச் செய்முறை விளக்கம்

எனக்குக் கார், பைக் ரேஸ், எங்கள் வீட்டுக்காரருக்குக் கோயிலும் சாப்பாடும். இரண்டையும் ஒரே சனி ஞாயிறில் அடக்க, மதுரைக்காரர்களுக்குக் கோவையை விடத் தோதான ஊர் கிடையாது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது பெரிய ரேஸ் தடம்தான், 3.7 கிலோமீட்டர். ஆனால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி என்று பயணத்திலேயே பாதி ஓடிவிடும். போதாததற்கு, சென்னைக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனால் கோபித்துக்கொள்ளும் சித்தி, பெரியம்மா எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அது வசதி. முன்னால் போன கார் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். நீங்கள் குறித்துவைத்த வண்டி எத்தனையாவதாக வருகிறது என்பது மறப்பதற்குள் மறுபடி கண்ணில் படும்.

கரி என்பது எஸ். கரிவரதனின் பெயரிலிருந்து வந்தது. மாருதி 800 என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா கார் (ஒருவர் மட்டும் உட்காருகிற, சக்கரங்கள் வெளியே தெரிகிற ரேஸ் கார்) செய்து, நம் ஊர்ப் பையன்களையும் ரேஸ் காரில் உட்காரவைத்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அதனால் அங்கே ஆட்டோக்காரரிடம் ரேஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் ஏதாவது ஒரு கதை கிடைக்கும்.

படி 1: தேதியைப் பிடிப்பது

தேசிய சாம்பியன்ஷிப் என்பது ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. சில மாதங்களுக்குள் பல சுற்றுகளாக நடக்கும். எந்தச் சுற்று எந்தத் தடத்தில் என்று முதலில் ஒரு பட்டியல் வரும், அப்புறம் மாறும். ஆகவே பட்டியலைப் பார்த்தவுடன் அலுவலகத்தில் லீவு சொல்லாதீர்கள். போட்டி நடத்துகிறவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்தச் சுற்றுக்கான அறிவிப்பு தனியாக வரும். அது வந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும். அறை மட்டும், பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

தேசியச் சுற்றுகள் பலவற்றில் பார்வையாளர்களை இலவசமாகவே விடுவார்கள். 2022-இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் போன்ற போட்டிகளுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒரு தம்பி சொன்னதால் இதைச் சேர்க்கிறேன். கோவையில் இப்போது கோஸ்ட் என்று இன்னொரு தடமும் இருக்கிறது. அறிவிப்பில் வெறும் ‘கோயம்புத்தூர்’ என்று பார்த்துவிட்டுச் செட்டிபாளையம் போய் நிற்காதீர்கள். தடத்தின் பெயரையும் படியுங்கள்.

படி 2: போகிற வழி

பஸ் என்றால் ஆரப்பாளையம். ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகப் போய் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரியோடு முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் ஆரப்பாளையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நிலைமைதான். முன்பதிவு உள்ள பஸ்ஸில் போவது உத்தமம்.

ரயில் என்றால் பழனி, பொள்ளாச்சி வழியாகப் போவது. அதில் போத்தனூரில் இறங்கினால், கோவை ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வருகிற அலைச்சல் இல்லை. செட்டிபாளையம் அங்கிருந்து கிட்டத்தான்.

எங்கள் விருப்பம் கார். அதுவும் பழனி வழி. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு என்று போய், மலுமிச்சம்பட்டியில் வலது பக்கம் திரும்பினால் செட்டிபாளையம். கோவை நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இவர் தவறாமல் ஒரு கதை சொல்வார். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டியது இந்த ரோட்டில்தான். யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி அப்படித்தான் முளைத்தது. கதை முடிவதற்குள் உடுமலைக் காற்றாலைகள் வந்துவிடும்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் மட்டும் இந்த வழி வேண்டாம். பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டோரமாக நடந்துகொண்டிருக்கும்.

படி 3: தங்குவது

காந்திபுரம் வேண்டாம். தடத்துக்கு எதிர்ப்பக்கம். சிங்காநல்லூர், கோவைக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் எடுங்கள். பஸ் ஸ்டாண்ட் கிட்டே, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

படி 4: டைம்டேபிளைப் படிப்பது

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். ரேஸுக்கு வந்துவிட்டு “ஒண்ணுமே புரியல” என்று மதியத்தோடு கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் படிக்காதவர்கள்தான்.

டிவியில் ஃபார்முலா 1 பார்த்த பழக்கத்தில், ஒரே ரேஸ் ஒன்றரை மணி நேரம் ஓடும் என்று நினைத்துக்கொண்டு வருவோம். இங்கே அப்படி இல்லை. ஒரு நாளில் பல வகுப்புகளுக்கு (ஒரு வகுப்பு என்றால் ஒரு வகை வண்டி), ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரேஸ் நடக்கும். ஒரு ரேஸ் கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். டீ வாங்கப் போய்த் திரும்பினால் பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்.

டைம்டேபிளில் மூன்று வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். பிராக்டிஸ் என்றால் பழகுவது. அதைப் பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. குவாலிஃபையிங் என்றால் யார் முன்வரிசையில் நிற்பது என்று முடிவு செய்கிற ஓட்டம். இதில் ஒருவரை ஒருவர் முந்துவது கணக்கில்லை. ஒரே ஒரு லேப்பை, அதாவது தடத்தை ஒரு முறை சுற்றி வருவதை, யார் குறைந்த நேரத்தில் ஓட்டினார் என்பதுதான் கணக்கு. அதனால்தான் கடைசியாக வருகிற கார் முதலிடம் என்று ஸ்பீக்கரில் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். மூன்றாவது, ரேஸ். இதில் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தார்.

இப்போது வகுப்புகள். முதல்முறை போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் சிபாரிசு, எல்ஜிபி ஃபார்முலா 4-உம் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப்பும். முன்னதில் எல்லாக் கார்களும் ஒரே மாதிரி. ஓட்டுகிறவர் கைதான் வித்தியாசம். எல்ஜிபி என்பது ரோலான் செயின் செய்கிற கோவைக் கம்பெனி. உங்கள் பைக் செயினிலேயே அந்தப் பெயர் இருக்கலாம். பின்னது 2021-இல் தொடங்கியது, 650 சிசி பைக்குகள். ரோட்டில் தினமும் பார்க்கிற வண்டி முட்டி தரையை உரசுகிற அளவுக்குச் சாய்வதைப் பார்க்கும்போது, ரேஸில் ஆர்வமே இல்லாதவர்கூட நிமிர்ந்து உட்காருவார். இவர் உட்கார்ந்தார்.

தேர்ந்தெடுத்த இரண்டு வகுப்புகளின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, போனுக்குப் பின்னால் கவருக்குள் வையுங்கள். இடைவெளிகள் தானாகத் தெரியும். சாப்பாடு, கோயில், தூக்கம் எல்லாம் அந்த இடைவெளியில்தான். ஊர் சுற்றுவதை முதலில் திட்டமிட்டுவிட்டு ரேஸை அதற்குள் சொருகப் பார்த்தால் இரண்டும் கெடும்.

நேரம் தள்ளிப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு கார் தடத்தோரச் சரளையில் சிக்கிச் சிவப்புக் கொடி காட்டினால், மார்ஷல்கள் (தடத்தோரம் நின்று கொடி காட்டுகிற ஊழியர்கள்) இறங்கி விளக்குமாற்றால் தடத்தில் சிதறிய கல்லைப் பெருக்கி முடிக்கும்வரை எல்லாமே நிற்கும். அதற்குப் பிறகு வரும் ரேஸ் எல்லாம் அந்த அளவுக்குப் பின்னால் போகும்.

படி 5: தடத்தில்

காதுக்குள் வைக்கிற நுரை அடைப்பான் மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். பஞ்சு வேலைக்கு ஆகாது. குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். தொப்பியும் ஈரத்துண்டும் போதும். பைனாகுலர் இந்தச் சின்னத் தடத்தில் வீண் சுமை. தண்ணீர் இரண்டு பாட்டில், கூடவே புளியோதரை. உள்ளே விடுகிறார்களா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்பாதைக்கு எதிரில் இடம் பிடிக்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். அங்கே சத்தம் கேட்கும், கார் தெரியாது, சர்ரென்று போய்விடும். நேர்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடம் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். நான்கைந்து கார்கள் மூக்கும் வாலும் ஒட்டிக்கொண்டு வரும். பிரேக் அடிக்கிற இடத்தில் ஒருவர் மட்டும் அரை நொடி தாமதமாக அடிப்பார். முன்சக்கரம் பூட்டிக்கொண்டு நீலப் புகை எழும்பும். அடுத்த வளைவுக்குள் இரண்டு இடம் முன்னேறியிருப்பார், அல்லது சரளையில் நிற்பார்.

தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்து, சட்டென்று அணைகிறபோது ரேஸ் தொடங்கும். அலங்காநல்லூரில் வாடிவாசலைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்போமே, அதே நிலைமைதான். சொன்னாற்போல, கோவை ஜல்லிக்கட்டும் இதே செட்டிபாளையத்தில்தான் நடக்கிறது.

கொடிகளைத் தெரிந்துகொண்டால் பாதி ரேஸ் புரிந்த மாதிரி. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். பச்சை என்றால் தடம் சரியாகிவிட்டது. கறுப்பு காட்டினால் அந்த ஓட்டுநர் பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் அணிகள் வண்டியைக் கவனிக்கிற இடத்துக்கு, வந்தாக வேண்டும். கட்டம் போட்ட கொடி எல்லோருக்கும் தெரியும். நீலம்தான் குழப்பும்.

“ஏம்மா, ஒரு தப்பும் பண்ணாதவனுக்கு எதுக்கு நீலக்கொடி காட்டுறாங்க?”

“அவர் ஒரு சுத்து பின்தங்கிட்டாருங்க. பின்னால வேகமா வர்றவருக்கு வழிவிடச் சொல்றாங்க.”

அன்றிலிருந்து இவர் கார்களை விட்டுவிட்டு மார்ஷல்களையே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

படி 6: ஊர் சுற்றுவது

எங்கள் ஒப்பந்தம் இதுதான்: சனிக்கிழமை கடைசி ரேஸை நான் விட்டுக்கொடுப்பேன், ஞாயிறு கடைசி ரேஸ் முடியும்வரை இவர் எழுந்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை சீக்கிரம் கிளம்புவது அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்காக. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். விடுமுறை நாளை முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ரேஸ் காரைப் பார்த்த கண்ணோடு பழைய கார்களின் மெல்லிய சக்கரங்களையும் மரச் சட்டங்களையும் பார்ப்பது தனி ருசி. ரேஸ் பிடிக்காதவரைக் கூட்டிப்போவதாக இருந்தால் வரிசையை மாற்றி இதை முதலில் காட்டுங்கள், மறுநாள் தடத்தில் கேள்வி கேட்பார்.

ஞாயிறு விடிகாலை பேரூர். மேலைச் சிதம்பரம் என்று சொல்லும் பட்டீசுவரர் கோயில், நொய்யல் கரையில். அங்கே கனகசபை மண்டபம் 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபில் வந்த அழகாத்ரி நாயக்கர் கட்டியது. அதனால் மதுரைக்காரர்களுக்கு அந்தத் தூண்களைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். ஊர்த்துவ தாண்டவமும் அகோர வீரபத்திரரும் நம் மீனாட்சி கோயிலிலும் உண்டு. ஆனால் இங்கே கூட்டம் நெருக்காததால் ஒரு தூணுக்கு முன் நின்று, வீரபத்திரரின் கைவிரல் நகம்வரை பார்க்கலாம். தலையைத் தூக்கி, கூரையிலிருந்து தொங்கும் கல் சங்கிலியையும் பாருங்கள்.

மருதமலை, ஆதியோகி, கோவைக் குற்றாலம் எல்லாம் நல்ல இடங்கள்தான். ரேஸ் உள்ள வாரத்தில் வேண்டாம். எல்லாம் மேற்கே, தடம் தென்கிழக்கே. ஞாயிறு பாதி காருக்குள்ளேயே போய்விடும்.

சாப்பாட்டுக்கு ஒரே சிபாரிசு: எங்கேயாவது அரிசிம்பருப்புச் சாதம் போட்டிருந்தால் நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். பரோட்டா தேடி அலையாதீர்கள், அது மதுரையில் இருக்கிறது.

படி 7: திரும்புவது

தடத்துக்கு வரும்போது ஆப்பில் கார் கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் சோதனை. ரேஸ் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். வருகிறேன் என்ற டிரைவரும் பாதி வழியில் ரத்து செய்துவிடுவார். காலையில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரரிடமே நம்பர் வாங்கி, திரும்பும் நேரத்தையும் கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். பஸ் பயணிகள் நேராக சிங்காநல்லூர். காரில் வந்தவர்கள் கடைசி ரேஸ் முடிந்து, பரிசளிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வாசல் நெரிசல் குறைந்திருக்கும்.

பின்சேர்க்கை: கேள்விகள் சில

கைக்குழந்தையைக் கூட்டிப்போகலாமா என்று தேனியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். காதை மூடுகிற குழந்தைகள் ஹெட்ஃபோன் இருந்தால் கொஞ்ச நேரம் இருக்கலாம். நாள் முழுக்க வேண்டாம். சத்தத்தை விட வெயில்தான் தொந்தரவு.

மழை பெய்தால்? லேசான மழையில் ரேஸ் நிற்காது. மழைக்கான டயர் மாட்டி ஓட்டுவார்கள். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் ரெயின்கோட் எடுத்துப் போங்கள். நல்ல மழையில் ஓடுகிற ரேஸ் அமைந்தால் விடாதீர்கள், முந்துவதெல்லாம் அப்போதுதான்.

பைக்கில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். போகலாம். ஆனால் ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டாம். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்த உடம்போடு பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல்வரை எதிர்க்காற்றும் எதிர்வெளிச்சமும் சேர்ந்தால் கண் சொக்கும். பழனியில் ஒரு அறை எடுத்துத் தூங்கி, திங்கள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் அலுவலக நேரத்துக்குள் மதுரை.