தேர்தலுக்கு முன் மின்னணு வாக்காளர் பதிவேடுகளைத் தயார் செய்து முத்திரையிடும் முறை

அமெரிக்க வாக்குச்சாவடிக்குள் வாக்காளர் நுழைந்ததும் அவர் பெயரைத் தேடி, கையொப்பம் பெற்று, வருகையைக் குறித்துக்கொள்ளும் டேப்லெட்டையோ மடிக்கணினியையோதான் மின்னணு வாக்காளர் பதிவேடு என்கிறோம். அது வாக்குகளை எண்ணும் கருவி அன்று. ஆயினும் அது முடங்கினால் வரிசை நகராது. வரிசை நகராவிட்டால், வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் வாக்களிக்காமலேயே சென்றுவிடுவார்கள். ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் அலுவலகத்தில் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தபோது நான் கற்றுக்கொண்ட முறையை, இப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். செயலியை நிறுவுவது போன்ற எளிய வேலைகளைக் கருவியின் கையேடே சொல்லிவிடும். அவற்றை இங்கே விளக்கவில்லை.

முதல் படி, பழையதை எடுத்து வைத்தல்

கருவிகளிலுள்ள தரவை அழித்துப் புதிதாக்கும் முன், சென்ற தேர்தலின் பதிவுகள் முழுமையாக நகலெடுக்கப்பட்டனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டாட்சிப் பதவிகளுக்கான தேர்தல் ஆவணங்களை 22 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். அதன்பிறகு ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும், அதனுடன் செல்லும் சார்ஜர், ஸ்கேனர், பிரிண்டர் ஆகியவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்.

இரண்டாம் படி, மென்பொருளை நிலைநிறுத்துதல்

அங்கீகரிக்கப்பட்ட பதிப்பை மட்டும் நிறுவி, கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் கணித அடையாளம்), மாநில அலுவலகமோ தயாரிப்பாளரோ வேறொரு வழியில் அனுப்பிய மதிப்புடன் ஒப்பிடுங்கள். அம்மதிப்பில் 64 எழுத்துகள் இருக்கும். கடைசி நான்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் முழுவதையும் ஒப்பிட வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். தேவையான பாதுகாப்புத் திருத்தங்களை இப்போதே போட்டுவிட்டால், தேர்தல் நாள் காலையில் கருவி தானாக மறுதொடக்கம் ஆகும் அபாயம் இராது. சேமிப்பகம் முழுவதையும் குறியாக்கம் செய்து, பதிவேட்டுச் செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி கருவியைப் பூட்டுங்கள். புளூடூத் ஸ்கேனரை விடக் கேபிளில் இணையும் ஸ்கேனரையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு இணைக்கும் நேரம் தேவையில்லை. பக்கத்து மேசைக் கருவியுடன் தவறிப்போய் இணைந்துவிடுவதும் இல்லை.

மூன்றாம் படி, பட்டியலை ஏற்றுதல்

பட்டியலை ஏற்றியதும், திரையில் தெரியும் மொத்த வாக்காளர் எண்ணிக்கை அலுவலகத் தரவுத்தளத்தின் எண்ணிக்கையுடன் பொருந்துகிறதா என்று பாருங்கள். 2016 நவம்பர் 8 அன்று வட கரோலினாவின் டர்ஹாம் கவுண்டியில், அதுவரை வாக்களிக்காத சிலரை "ஏற்கெனவே வாக்களித்தவர்" என்று கருவிகள் காட்டின. கவுண்டி முழுவதும் காகிதப் பட்டியலுக்கு மாறியது, சில சாவடிகளில் வாக்குப்பதிவு நேரமும் நீட்டிக்கப்பட்டது. பின்னர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அந்த மடிக்கணினிகளை ஆராய்ந்தபோது, வெளியாள் ஊடுருவியதற்கான தடயம் கிடைக்கவில்லை. தாக்குதல் ஏதும் இல்லாமலேயே கருவி இப்படித் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், பயிற்சிக்காகச் செய்த வருகைப் பதிவுகளை நீக்கிய பிறகு வருகை எண்ணிக்கை பூஜ்ஜியம்தானா என்று இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும் இடங்களில், அதில் வாக்களித்தோரின் பட்டியல் கடைசியாக வந்து சேரும். ஒப்பீட்டை அப்போது மறுபடியும் செய்யுங்கள்.

தேவைக்கு மேல் தரவை ஏற்ற வேண்டாம். 2019 செப்டம்பரில் அட்லாண்டாவின் ஒரு வாக்குச்சாவடியிலிருந்து திருடப்பட்ட இரண்டு கருவிகளில், மாநிலம் முழுவதற்குமான வாக்காளர் விவரங்கள் இருந்தன.

நான்காம் படி, கடிகாரம்

என்னைத் தடுக்கி விழவைத்த படி இதுதான். அமெரிக்காவில் பொதுத் தேர்தல், நவம்பரின் முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நடைபெறுகிறது. கோடை நேரம் (கோடை மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் முறை) முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போவது நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே இரண்டே நாள்தான்: 2020இல் நவம்பர் 1, 3, 2024இல் நவம்பர் 3, 5. அதாவது அக்டோபரில் சரிபார்த்து முத்திரையிட்ட கருவி, பெட்டிக்குள் இருக்கும்போதே நேரமாற்றத்தைக் கடக்கிறது.

எங்கள் கிடங்கில் இணையம் இல்லாததால், தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, நேர மண்டலத்தைக் கவனிக்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் நேரத்தை வைத்தேன். அன்று எல்லாம் சரியாகவே தெரிந்தது. செவ்வாய் அதிகாலை கருவிகளைத் திறந்தபோது திரைகள் ஒரு மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தன. வாக்காளரின் பெயர் கிடைத்தது, கையொப்பம் பதிவானது. ஆனால் எதிர்கால நேரம் பொறித்த அந்தப் பதிவுகளை, கருவிகளை இணைக்கும் மையக் கணினியான சேவையகம் ஏற்கவில்லை. ஒரு மேசையில் வருகை பதிந்தவர் அடுத்த மேசையில் இன்னும் வராதவராகவே தெரிந்தார். நெட்வொர்க்கில் கோளாறு என்று எண்ணி ரவுட்டரை மும்முறை அணைத்துப் போட்டோம். நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரையின் ஓரத்திலிருந்த நேரம் கண்ணில் பட்டது.

எனவே முதலில் நேர மண்டலத்தை ஊரின் பெயரால் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகே நேரத்தை வையுங்கள். அடுத்து, ஒரு கருவியின் தேதியையும் நேரத்தையும் நேரம் மாறும் அந்த ஞாயிறு நள்ளிரவு 12:50க்கு மாற்றி, 1:59க்குப் பிறகு காட்டும் நேரம் தானாக 1:00க்குத் திரும்புகிறதா என்று சோதித்துவிட்டு, இன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் திருப்புங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்தால் சில கருவிகளின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் நடைமுறைக்கு வராதது" என்று கருதப்பட்டு இணைப்பே மறுக்கப்படும். அதன் வெளித்தோற்றமும் நெட்வொர்க் கோளாறு போலவே இருக்கும்.

ஐந்தாம் படி, முழு ஒத்திகை

ஒரு கருவியை மட்டும் சோதித்தால் போதாது. சாவடிக்குச் செல்லும் அத்தனை கருவிகளையும் ஒன்றாக இணைத்து, தொடர்ந்து வருகை பதிந்து பாருங்கள். 2020 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் வாக்காளர்கள் நீண்ட நேரம் காத்திருந்ததற்கு, கருவிகள் மையத் தரவுடன் ஒத்திசைய முடியாமல் திணறியது ஒரு முக்கியக் காரணம். ஒத்திகையின் நடுவே இணைப்பைத் துண்டித்து, பதிவு தொடர்கிறதா, இணைப்பு திரும்பியதும் விடுபட்டவை ஒன்றுவிடாமல் போய்ச் சேர்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தின் பின்புறமுள்ள பட்டைக்குறியீட்டையும் உண்மையான அட்டையைக் கொண்டே ஸ்கேன் செய்து பாருங்கள். தேய்ந்த பழைய அட்டை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆறாம் படி, முத்திரை

முழுமையாக சார்ஜ் செய்து, முற்றிலும் அணைத்து, பெட்டியில் வைத்து, எண்ணிட்ட பிளாஸ்டிக் முத்திரையை இறுக்குங்கள். திறந்திருக்கும் யுஎஸ்பி துளைகளையும் தனியே அடைத்துவிடுங்கள். ஒட்டு முத்திரைகளை நான் நம்புவதில்லை. குளிரில் அவற்றின் ஓரம் தானே எழும்பிவிடுகிறது. பிறகு யாரேனும் பிரித்தார்களா என்று சொல்லவே முடியாது. முத்திரை எண், நேரம், இருவர் கையொப்பம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். சாவடியில் பெட்டியைத் திறப்பவர் எண்ணை ஒப்பிட வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லப்பட வேண்டும். ஒப்பிடாத எண்ணால் பயனில்லை. எண் பொருந்தாத கருவியைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு சாவடிக்கும் அச்சிட்ட வாக்காளர் பட்டியலும், போதுமான தற்காலிக வாக்குச்சீட்டுகளும் (வாக்காளரின் தகுதி சரிபார்க்கப்பட்ட பிறகே எண்ணப்படுபவை) அதே வண்டியில் செல்லட்டும். பெயரில் ஐயம் எழும் வாக்காளருக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு வழங்கப்பட வேண்டும் என்பதை 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உறுதி செய்திருக்கிறது.

பின்சேர்க்கை: நேர மண்டலத்தைத் தானியங்கியாகவே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டிருந்தனர். பல இடங்களில் அது சரியாகவே இயங்கும். ஆனால் அரிசோனா கோடை நேரத்தைப் பின்பற்றுவதில்லை. அதன் வடகிழக்கில் உள்ள, பூர்வகுடி மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷன் பின்பற்றுகிறது. கோகோனினோ, நவஹோ, அப்பாச்சி கவுண்டிகளில் கோடையில் முதன்மைத் தேர்தல் (கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு) நடந்தால், ஒரே கவுண்டியின் இரு கருவிகள் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு நேரம் காட்டக்கூடும். அத்தகைய இடங்களில் எந்த நேரப்படி சாவடி திறக்கும் என்பதை அலுவலகத்திடம் எழுத்தில் பெற்று, அந்த மண்டலத்தையே எல்லாக் கருவிகளிலும் நிலையாக வைத்து, அந்தத் தாளின் நகலை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வையுங்கள்.