சிங்களக் கந்தோருக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புமுன்

வவுனியா மாவட்டத்தில் நாலு பிரதேச செயலகங்கள். மூன்றில் வேலை தமிழில் நடக்கும், வவுனியா தெற்கில் சிங்களத்தில். மாரி வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியல்கள் இங்குமங்கும் போகும். அப்படிப் பட்டியல் அனுப்பியே தலை நரைத்தவன் நான். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை அது ஒன்றும் செய்யவில்லை. பாமினியில் அடித்த கோப்பை அந்தப் பக்கம் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யுனிகோடில் அடியுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் வையுங்கள்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு கந்தோரில் ஒருவர் 'குளம்' என்பதை 'வெவ' என்று மொழிபெயர்த்தார், பக்கத்து மேசைக்காரர் 'குளம' என்றே விட்டார். ஒரே ஊர் இரண்டு வரியில் ஏறி, உலர் உணவு இரண்டு தரம் போனது. அடுத்த ஊர்ச் சனம் கந்தோர் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து நான் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தை முதல் நிரலில் போடுவேன், பெயர் இரு மொழியிலும் பிறகு வரும்.

ஆட்பெயரும் அப்படித்தான். 'ழ' சிங்களத்துக்குப் போய்த் திரும்பினால் 'ள' அல்லது 'ல' ஆகிவிடும். அடையாள அட்டை இலக்கத்தால் ஒப்பிடுங்கள். ஆனால் ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய 9 இலக்கத்தோடும் மற்றதில் புதிய 12 இலக்கத்தோடும் இருப்பார். பழையதன் கடைசி ஆங்கில எழுத்தை வெட்டி, முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகினால் புதியது வந்துவிடும். எக்செலில் இதற்கு ஒரு சூத்திரம் போதும்.

பட்டியலோடு போகும் கடிதத்தின் பிரதியை எடுத்த எடுப்பிலேயே கொழும்பு மேலிடத்துக்குப் போடாதீர்கள். அந்தப் பக்கத்து உத்தியோகத்தர் அதைக் கோள்மூட்டலாகத்தான் எடுப்பார். பிறகு ஒரு கோவையும் நகராது. முதலில் தொலைபேசி எடுங்கள். 'மஹத்தயா' (ஐயா) என்று தொடங்கி, அரைகுறைச் சிங்களத்திலாவது பேசுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். அவர் 'ஹரி, ஹரி' (சரி, சரி) என்றால் சம்மதம் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். சும்மா 'ம்' கொட்டுவதாகவும் இருக்கலாம். எத்தனை குடும்பம் என்ற கணக்கை அவர் வாயாலேயே ஒருதரம் சொல்லவைத்துவிட்டு வையுங்கள்.