நெட்வொர்க்கை நவீனப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதியதை வாங்குவதைவிடப் பழையதை இறக்குவதுதான் பெரிய வேலை

ஒரு நாட்டின் தேசியத் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் நெட்வொர்க்கை நவீனப்படுத்தப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், அதில் புதிதாக என்னென்ன வரப்போகிறது என்ற பட்டியல்தான் இருக்கும். எத்தனை டவர், எத்தனை கிலோமீட்டர் ஃபைபர், எந்த வருஷம் 5ஜி. பழைய எக்ஸ்சேஞ்சுகளை எந்த வரிசையில், யாருடைய சேவையும் அறுந்துபோகாமல் எப்படி மூடப்போகிறார்கள் என்பது அநேகமாக இருக்காது. திட்டம் சிக்கிக்கொள்வதும் அந்த இடத்தில்தான். கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் லட்சக்கணக்கானோர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆம்புலன்ஸுக்கான அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும்போதே, ஓடும் நெட்வொர்க்கைக் கழற்றி இன்னொன்றின் மேல் ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

முதல் தவறு, கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே டெண்டர் விடுவது. தேசிய நிறுவனங்களின் நெட்வொர்க் பல பத்தாண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்தது. செம்புக் கம்பி, அதன் மேல் இணையம் தரும் டிஎஸ்எல், பக்கத்தில் எஸ்டிஹெச் என்ற பழைய முறை ஃபைபர் வளையம், எங்கோ ஒரு மலையில் மைக்ரோவேவ். ஆவணத்தில் ஒரு வழியாகப் போகும் கேபிள் மண்ணுக்கடியில் வேறு வழியாகப் போகும். காலி என்று குறித்திருக்கும் டக்டில் (கேபிள் போகும் குழாயில்) சேறு அடைத்திருக்கும். இதைவிட ஆபத்தானவை யாருக்கும் நினைவில்லாத இணைப்புகள்: லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி, தீ எச்சரிக்கை அமைப்பு, குடிநீர் பம்ப் நிலையத்தின் கண்காணிப்பு லைன், போக்குவரத்து சிக்னல். மாதம் சில நிமிடங்கள்கூடப் பயன்படாத லைன் என்று கணினி காட்டும். பயன்படுகிற அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அது அங்கே இருக்கிறது. ஆகவே ஆட்களை அனுப்பி ஒவ்வொரு இடத்தையும் நேரில் பார்த்து எழுதுங்கள். ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி), பேட்டரி, ஜெனரேட்டர், குளிர்சாதனம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் புதிய 5ஜி ரேடியோக்கள் இழுக்கும் மின்சாரத்தைப் அந்த இடத்தின் பழைய மின்வழங்கல் கருவிகள் தாங்கா என்பது கருவி வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் அந்த சைட் அப்படியே மாதக்கணக்கில் நிற்கும்.

டவரில் புது ரேடியோ மாட்டிவிட்டு, டவரிலிருந்து உள்ளே போகும் பாதையைப் பழையபடியே விடுவது அடுத்தது. 2ஜி காலத்தில் ஒரு டவருக்கு 2 எம்பிபிஎஸ் கொண்ட ஓரிரு இ1 இணைப்புகள் போதும். 5ஜி டவருக்கு ஜிகாபிட் கணக்கில் வேண்டும். ஃபைபர் போகாத இடத்தில் ரேடியோவை மட்டும் மாற்றினால் ஃபோனில் 5ஜி என்று எழுத்து வரும், வேகம் வராது, மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வரிசை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: மின்சாரம், ஃபைபர், கோர் (எல்லா அழைப்பும் தரவும் கூடும் நெட்வொர்க்கின் மையப் பகுதி), அப்புறம்தான் ரேடியோ. இரண்டு பாதை வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு ஃபைபரையும் ஒரே டக்டில் போடுவதும் இதே வகைதான், ஒரு ஜேசிபி போதும் இரண்டையும் அறுக்க. சர்வதேச இணைப்புக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரியில் டோங்காவில் எரிமலை வெடித்தபோது வெளியுலகத்துடன் இருந்த ஒரே கடலடி கேபிள் அறுந்தது, சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது.

இனி சொல்லப்போவதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய சேதங்கள் இங்கேதான் நடந்திருக்கின்றன. கோர் நெட்வொர்க் மாற்றம்.

கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் தன் ஐபி கோரை ஏழு கட்டமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 2022 ஜூலை 8 அதிகாலை, ஆறாவது கட்டத்தில், ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். அது தடுத்து வைத்திருந்த ரூட்டிங் தகவல்கள் (எந்தத் தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்பவை) மொத்தமாகக் கோர் ரவுட்டர்கள் மேல் கொட்ட, அவை தாங்காமல் விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மொபைல், இணையம், லேண்ட்லைன் மூன்றும் போயின, நாடெங்கும் டெபிட் கார்டு கட்டணம் நின்றது. இதில் கவனிக்க வேண்டியவை பல. மொபைலும் வீட்டு இணையமும் ஒரே கோரில் இருந்ததால் இரண்டும் ஒன்றாக விழுந்தன. பொறியாளர்கள் ரவுட்டர்களுக்குள் நுழைய வைத்திருந்த நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோர் வழியாகத்தான் போனது, ஆக விழுந்ததைத் தூக்க உள்ளே போக வழியில்லை. ஊழியர்களின் ஃபோன்களும் அதே நிறுவனத்துடையவை, ஒருவரை ஒருவர் கூப்பிடவே முடியவில்லை. இன்னொன்று, கோர் செத்துப்போனாலும் டவர்கள் உயிரோடு அலை வீசிக்கொண்டிருந்ததால் பல ஃபோன்கள் அந்த டவரையே பிடித்துக்கொண்டிருந்தன, அவசர எண்ணான 911-ஐ அழைக்க வேறு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குத் தாவவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. முதல் கட்டத்தைச் செய்யும்போது அந்த வேலை அதிக ஆபத்துள்ளது என்று மதிப்பிட்டிருந்தார்கள். முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அவர்களுடைய மதிப்பீட்டு முறை, ஆறாவது கட்டம் வந்தபோது அதைக் குறைந்த ஆபத்து என்று இறக்கிவிட்டது. ஐந்து முறை சரியாக நடந்தது என்பதற்காக ஆறாவது முறை தொடும் ரவுட்டர் முக்கியத்துவம் குறைந்ததாகிவிடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும், எது கெட்டுப்போனால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்ற கேள்வியைப் புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம், நிர்வாகத்துக்கு என்று தனி நெட்வொர்க், வேறு நிறுவனத்தின் இணைப்போடு வைத்திருங்கள். செலவு என்று பார்த்து இதை வெட்டாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தில் 2023 நவம்பர் 8 அன்று நடந்ததும் பார்க்க வேண்டியது. வெளியிலிருந்து வந்த ரூட்டிங் மாற்றங்கள் முன்பே வைத்திருந்த வரம்பைத் தாண்டியதும் ஏறத்தாழ 90 ரவுட்டர்கள் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. பல இடங்களுக்கு ஆளை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. 2,145 பேரால் அவசர அழைப்பைச் செய்ய முடியவில்லை. 2025 செப்டம்பர் 18 அன்று அதே நிறுவனத்தில் ஒரு ஃபயர்வால் மேம்படுத்தலின்போது சாதாரண அழைப்புகள் எல்லாம் வழக்கம்போல் போயின, அவசர அழைப்புகளில் ஒரு பகுதி மட்டும் போகவில்லை, மணிக்கணக்கில் அது கண்ணில் படவில்லை. உயிரிழப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட நிகழ்வு இது. மாற்றம் முடிந்ததும் திரையில் பச்சை விளக்குகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், அவசர சேவை மையத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, பாதிக்கக்கூடிய ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சோதனை அழைப்பு போட்டுப் பாருங்கள்.

ஏதாவது ஆனால் ரோல்பேக் செய்துகொள்ளலாம், அதாவது பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் அடிக்கடி காலை வாரிவிடும். ஜப்பானில் கேடிடிஐ நிறுவனம் 2022 ஜூலை 2 அன்று ஒரு கோர் ரவுட்டரில் பராமரிப்பு வேலை செய்தது. பாதை அமைப்பில் தவறு, சில நிமிடம் குரல் சேவை நின்றது, உடனே பழைய நிலைக்குத் திருப்பினார்கள். ஆனால் அதற்குள் இணைப்பு இழந்திருந்த ஃபோன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மீண்டும் பதிவு செய்ய முயன்றதில் வோல்ட்இ (4ஜி வழியாகப் போகும் குரல் அழைப்பு) கருவிகள் திணறின, சந்தாதாரர் தரவுத்தளத்திலும் முரண்பாடு வந்தது, முழுதாகச் சரியாக இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ஆக ரோல்பேக் என்பதும் ஒரு மாற்றம்தான், அதையும் சோதித்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான ஃபோன்கள் ஒன்றாகத் திரும்பி வந்தால் கோர் தாங்குமா, அவற்றைச் சிறு சிறு கூட்டமாக உள்ளே விட வழி இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் இரவு வேலைக்குத் தேதி குறிக்க வேண்டும்.

டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி சின்ன விஷயம்போலத் தெரியும். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானது, பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. வாங்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் எந்தச் சான்றிதழ் எப்போது முடிகிறது என்ற பட்டியலை வெண்டரிடம் (விற்கும் நிறுவனத்திடம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, பழையதை மூடுவதற்கு வருவோம். செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் ஃபோன் வேலை செய்யும். ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக ஒளிதான் வருகிறது, மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டர் போகும், ரவுட்டர் போனால் ஃபோன் போகும். பிரிட்டனில் தனியாக வாழும் முதியோர் விழுந்தால் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் கருவிகள் பல லட்சம் பேரிடம் பழைய லைனில் ஓடிக்கொண்டிருந்தன. லைனை மாற்றியபோது சிலரிடம் அந்தக் கருவி வேலை செய்யாமல் போனது, 2023 இறுதியில் கட்டாய மாற்றங்களை நிறுத்திவைத்தார்கள், பழைய லைன்களை மூட 2025 டிசம்பருக்கு வைத்திருந்த கெடு 2027 ஜனவரிக்குப் போனது. இப்படிப்பட்ட கருவி யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் நிறுவனத்திடம் இருக்காது, உள்ளாட்சியிடமும் பராமரிப்பு அமைப்புகளிடமும்தான் இருக்கும். அவர்களோடு முதல் வருஷமே உட்கார வேண்டும், கெடு நெருங்கும்போது இல்லை.

3ஜியை மூடுவதிலும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 4ஜி ஃபோன் என்று நம்பி மக்கள் வைத்திருந்த சில மாடல்கள் சாதாரண அழைப்பை 4ஜியில் போட்டாலும் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜிக்கு இறங்கின. அந்த ஃபோன்களைக் கண்டுபிடித்து மாற்ற நேரம் வேண்டியிருந்ததால் மூடும் தேதி தள்ளிப்போய் 2024 அக்டோபர் 28 ஆனது. தள்ளிப்போட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பாதி வழியில் நிற்கும் சிக்கனமும் பெரிய தவறு. ஆஸ்திரேலியாவின் தேசிய பிராட்பேண்ட் நெட்வொர்க் 2009-இல் 90 சதவீதக் கட்டடங்களுக்கு நேரடி ஃபைபர் என்று திட்டமிட்டது. 2013-க்குப் பிறகு தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து பழைய செம்பு என்று பல இடங்களில் மாற்றினார்கள். 2020-இல் அதே தெருக்களில் பலவற்றுக்கு மீண்டும் ஃபைபர் போட முடிவானது. ஒரு தெருவை இரண்டு முறை தோண்டுவதில் மிச்சம் எங்கே இருக்கிறது?

பில்லிங் மென்பொருளை ஓரமாக வைத்துவிட்டு நெட்வொர்க்கை மட்டும் பேசுவதும் வேண்டாம். வோடஃபோன் பிரிட்டனில் புது பில்லிங் அமைப்புக்கு மாறியதில் 10,452 ப்ரீபெய்டு வாடிக்கையாளர்கள் ரீசார்ஜ் செய்த பணம் கணக்கில் ஏறாமல் போனது, 17 மாதம் அது தொடர்ந்தது, 2016-இல் அபராதம் விழுந்தது. பழைய அமைப்பையும் புதியதையும் சில மாதம் ஒன்றாக ஓட்டி, இரண்டும் ஒரே பில்லைப் போடுகின்றனவா என்று ஒப்பிடுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

கடைசியாக ஆட்கள். பழைய ஸ்விட்சைப் பற்றி ஆவணத்தில் இல்லாததை எல்லாம் தலையில் வைத்திருப்பவர்களை, புதியது வந்துவிட்டது என்று சொல்லி விருப்ப ஓய்வில் முதலில் அனுப்பிவிடுகிறார்கள். மாற்றம் முடியும்வரை அவர்கள் வேண்டும், இளைய பொறியாளர்களோடு சேர்த்து கட்ஓவர் (பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை) குழுவில் வேண்டும். எல்லாவற்றையும் வெண்டரிடம் கொடுத்துவிட்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் தன் நெட்வொர்க்கைத் தானே படிக்கத் தெரியாத நிறுவனமாகிவிடும். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு கட்ஓவரிலும் கீபோர்டில் கை வைப்பது நம் ஊழியர், வெண்டர் பக்கத்தில் இருப்பார். முன்னேற்ற அறிக்கையில் நிறுவிய டவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்களை வையுங்கள்: எத்தனை இணைப்புகள் புதியதற்கு மாறிவிட்டன, எத்தனை பழைய எக்ஸ்சேஞ்சுகளின் மின்சாரம் அணைக்கப்பட்டுவிட்டது. மூன்று மாதமாக அந்த இரண்டு எண்களும் நகரவில்லை என்றால் அடுத்த தவணைக் கருவிக்கு ஆர்டர் போடுவதை நிறுத்தி, எது தடுக்கிறது என்று களத்தில் போய்ப் பாருங்கள்.