மைட்டோகாண்ட்ரியா புரதங்களுக்கு வெஸ்டர்ன் பிளாட்: சாம்பிளைக் கொதிக்க வைக்காதீர்கள்

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பழகும் எல்லோருக்கும் முதலில் மனப்பாடமாவது, "95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வை" என்பதுதான். மைட்டோகாண்ட்ரியா புரதங்களிடம் அந்தப் பழக்கமே காலை வாரிவிடும். என் முதல் பிளாட்டில் மற்ற பேண்டுகள் பளிச்சென்று விழுந்தன, நான் தேடிய மைட்டோகாண்ட்ரியா புரதமான எம்டி-சிஓ1 (MT-CO1) இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. பாவம், ஒரு வாரம் ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

1. மைட்டோகாண்ட்ரியாவின் எந்த இடத்துப் புரதம்? வெளிச்சவ்வுக்கு விடாக்1 அல்லது டாம்20, உட்சவ்வுக்கு காக்ஸ்4, உள்ளே மேட்ரிக்ஸுக்கு எச்எஸ்பி60. உங்கள் கேள்விக்கு ஏற்றதை எடுங்கள்.

2. டேட்டாஷீட்டைப் படியுங்கள். வெஸ்டர்னில் சோதித்த ஆன்டிபாடியா, உங்கள் உயிரினத்தில் வேலை செய்யுமா என்று பாருங்கள். எடையிலும் ஒரு சிக்கல் உண்டு. பல புரதங்கள் சைட்டோபிளாசத்தில் உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் அவற்றின் முன்பகுதி வெட்டப்படுகிறது. அதனால்தான் தரவுத்தளத்தில் 60 கிலோடால்டன் என்றிருக்கும் ஏடிபி5ஏ, பிளாட்டில் 55 அருகே நிற்கும். பதற வேண்டாம்.

3. சாம்பிள். ஐஸ் மேல் வைத்து, புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் (புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பது) சேர்த்து, செல்களை லைஸ் செய்யுங்கள், அதாவது உடையுங்கள். புரத அளவைக் கணக்கிட்டு லேனுக்கு (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதை) 20 மைக்ரோகிராமில் தொடங்கலாம். இனிதான் முக்கியமான இடம். எம்டி-சிஓ1 உட்சவ்வை 12 முறை குறுக்கே கடக்கும் புரதம். உடலெல்லாம் நீர் ஒட்டாத பகுதிதான். கொதித்தால் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகி, ஜெல்லுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் சூடாக்குங்கள், 50-ஐத் தாண்ட வேண்டாம்.

4. ஜெல், மெம்பரேன். காக்ஸ்4 வெறும் 17 கிலோடால்டன், சைட்டோகுரோம் சி அதைவிடச் சிறியது. 0.45 மைக்ரான் துளை கொண்ட மெம்பரேனில் இவை நழுவிப்போகலாம். 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் (PVDF) மெம்பரேன் வாங்கி, மெத்தனாலில் நனைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. ஆன்டிபாடி. பிளாக்கிங் (மெம்பரேனின் வெற்றிடங்களை மூடுவது), இரவு முழுக்க 4 டிகிரியில் பிரைமரி (உங்கள் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி), கழுவல், 1 மணி நேரம் செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும் ஆன்டிபாடி). இது எல்லா பிளாட்டுக்கும் பொதுதான். எச்ஆர்பி (HRP) என்ற நொதி இணைந்த செகண்டரியில் மட்டும், கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலக்கக் கூடாது, அந்த நொதியை அது முடக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், எம்டி-சிஓ1 அங்கம் வகிக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நொதியான காம்ப்ளக்ஸ் 4-ஐ முடக்குவதும் இதே அசைடுதான்.

6. லோடிங் கன்ட்ரோல், அதாவது எல்லா லேனிலும் சம அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் ஒப்பீட்டுப் புரதம். டியூபுலினும் ஏடிபி5ஏ-வும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஓடும், ஒன்று மற்றதை மறைத்துவிடும். மேலே தனியாக நிற்கும் வின்குலின் நல்லது. கூடவே விடாக்1-ஐயும் பாருங்கள். வின்குலினோடு ஒப்பிட்டால் உங்கள் புரதம் குறைந்திருக்கிறது, விடாக்1-உம் அதே அளவு குறைந்திருக்கிறது என்றால், குறைந்தது மைட்டோகாண்ட்ரியாவின் மொத்த அளவாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எழுதப்படும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

7. நெகட்டிவ் கன்ட்ரோல். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நீக்கப்பட்ட ரோ-ஜீரோ செல்கள் கிடைத்தால் ஒரு லேன் ஒதுக்குங்கள். எம்டி-சிஓ1 அந்த டிஎன்ஏவிலிருந்தே உருவாவதால், அந்த லேனில் பேண்ட் இருக்கக் கூடாது. இருந்தால், ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.