துருவா, பழைய பெயின்டா? கொழும்பில் பழைய சரக்கு ரயில் பெட்டிகளை அடையாளம் காண்பது எப்படி

பழைய பெயின்ட் மாறாத சரக்கு ரயில் பெட்டிகளைப் புதிதாகத் தேடிப் பார்க்க வருபவர்கள் முதலில் தடுமாறுவது நிறத்தில்தான். கடற்காற்று அடிக்கும் ஊர் இது. செங்காவி நிறத்தில் நிற்கும் பெட்டியெல்லாம் பழைய பெயின்டோடு நிற்பதாக நினைத்துவிடுவோம், பாதி வெறும் துருவாக இருக்கும். செங்காவி பெயின்ட் மங்கினாலும் ஒரே சீராக மங்கும். துரு திட்டுத் திட்டாக, பொருக்குத் தட்டி நிற்கும். இந்த வித்தியாசம் கண்ணில் படிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, எங்கே பார்ப்பது? கோட்டையில் டிக்கெட் எடுத்து, தெமட்டகொடைப் பக்கம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். மருதானை தாண்டியதும், ரயில் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் மாளிகாவத்தை யார்ட் வரும். இன்னொரு நாள் வெள்ளவத்தையில் ஏறி, ரயில்வே பட்டறை இருக்கும் இரத்மலானை வரை போய்ப் பாருங்கள். தண்டவாளத்தில் இறங்கி நடக்க வேண்டாம். அது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

பெட்டி கண்ணில் பட்டதும் எழுத்தைத் தேடுங்கள். சி, ஜி, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் கிடைத்தால் நல்ல வேட்டை. 'சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே' என்று பெயர் இருந்த காலத்து எழுத்து அது. 1972இல் நாட்டின் பெயர் மாறியது. ஆகவே அந்த எழுத்து பெயின்டில் இருந்தால், பூச்சுக்கு அநேகமாக 50 வயது தாண்டியிருக்கும். ஆனால் இரும்பில் வார்த்த எழுத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இரும்பின் வயதைத்தான் சொல்லும், மேலே எத்தனை தரம் பூசினார்கள் என்று சொல்லாது.

அடுத்து, மறுபூச்சா என்று பார்க்க வேண்டும். இதற்கு மாலை நாலரை, ஐந்து மணிதான் நல்ல நேரம். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது, மேலே பூசிய பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு மயிரிழை அளவு மேடாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது இரண்டாவது பூச்சு. மேடு இல்லாமல், எழுத்து உதிர்ந்த இடத்தில் மட்டும் அதே வடிவத்தில் சுற்றிலும் உள்ளதைவிடக் கருமையான நிழல் இருந்தால் மனம் துள்ளும். வெள்ளை எழுத்து இத்தனை வருஷம் வெயிலை வாங்கிக்கொண்டு, அடியில் இருந்த முதல் நிறத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஒருநாள் நான் அப்படி ஒரு 'ஜி'யின் வளைவைப் பார்த்துக்கொண்டே நின்று, ஏற வேண்டிய ரயிலை விட்டுவிட்டேன்.

கூரை விளிம்புக்குக் கீழேயும், தள்ளுகதவு மறைக்கும் பகுதியிலும் உண்மையான நிறம் கிடைக்கும். வெல்டு செய்த புதுத் தகட்டின் நிறத்தை நம்பாதீர்கள். பழைய தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையைச் சுற்றிப் பாருங்கள்.

சுரண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டியது திரும்ப வரவும் வராது. போட்டோ எடுங்கள்: முழுப் பெட்டி ஒன்று, எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று. அப்புறம் இடத்தையும் திகதியையும் கொப்பியில் குறித்துவிடுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்தப் பெட்டி அங்கே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.