ஐ.பி.எஸ்.: பழியைப் பச்சை மிளகாய் மேல் போடாதீர்கள்

சாப்பிட்டதும் வயிறு பிடித்து இழுக்கும், கழிவறைக்கு ஓட வேண்டும், போய்வந்தால் கொஞ்சம் தேவலை. மாதக்கணக்கில் இப்படியே இருந்து, பரிசோதனைகளிலும் கோளாறு தெரியவில்லை என்றால் டாக்டர் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது எரிச்சல் குடல் நோய்) என்பார். வீட்டில் உடனே காரத்தை நிறுத்துவார்கள். காரம் இருக்கிற தொந்தரவைக் கிளறிவிடும், சரி. ஆனால் நோய் எதனால் ஆரம்பித்தது என்பது வேறு கேள்வி.

டாக்டரிடம் பலர் சொல்லாமல் விடுவது, முன்பு எப்போதோ வந்த கடுமையான வயிற்றுப்போக்கு. ஐ.பி.எஸ். அதிலிருந்தே ஆரம்பித்திருக்கலாம். கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச்சாணக் கிருமிகள் ஊர்க் கிணற்றில் கலந்து, குழாய்த் தண்ணீர் கெட்டது. சுமார் 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். ஊர்மக்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தபோது, நோய்வாய்ப்படாதவர்களில் 10 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, அப்போது மருத்துவ ரீதியாக நோய் அறியப்பட்டவர்களில் 36 சதவீதம். எட்டு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பெண்கள், இளவயதினர், வயிற்றுப்போக்கு நீண்டவர்கள், மலத்தில் ரத்தம் போனவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அதனால் எப்போது, எத்தனை நாள், காய்ச்சல் இருந்ததா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

லூஸ் மோஷன் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவது இன்னொரு தவறு. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு அது தேவையே இல்லை, ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் முக்கியம். ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளையும் குலைக்கும். அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் ஐ.பி.எஸ். வருவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

“எல்லாம் உன் மனசுலதான்” என்று வீட்டில் சொல்வது எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. மனப்பதற்றமும் மனச்சோர்வும் ஆபத்தைக் கூட்டுவது உண்மை. குடலின் நரம்புகளும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. அதற்காக வலி கற்பனை ஆகிவிடாது.

அப்புறம் சாப்பாடு. வெங்காயம், பூண்டு, பால், ராஜ்மா என ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் தயிர்சோறு மட்டும் மிஞ்சும்படி ஆக்கிக்கொள்ளாதீர்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில வகை மாவுச்சத்து, சர்க்கரைகளைக் குறைப்பதற்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் உணவுமுறையில்கூட விலக்குவது சில வாரங்களுக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் உணவியல் நிபுணர் துணையோடு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களே முடிவுகட்டாமல் குடல் நோய் நிபுணரைப் பாருங்கள்.